பகுப்பெண்ணும் படிப்பவரும்

சங்கீதத்தில் பாணி என்றும், வைத்தியத்தில் மரபு என்றும், வியாகரணத்தில் சம்பிரதாயம் என்றும் பேசுவது நமக்கு வழக்கமாயிருக்க, புத்தகங்களை அடுக்கிவைத்துக் கேட்டவர்க்கு எடுத்துக் கொடுக்கும் தொழிலுக்கும் அத்தகைய பரம்பரைகள் உண்டு, அவற்றினிடையே வாதப் பிரதிவாதங்களும் உண்டு என்று சொன்னால் நம்மவரில் பலர் புன்னகை புரிவர். நூலகர் என்பவர் சாவிக்கொத்தும் ரப்பர் முத்திரையும் உடையவர் என்ற எண்ணம் இன்னும் முற்றிலும் மறைந்தபாடில்லை. ஆயினும் இத்தொழிலின் சரித்திரத்தைச் சிறிது ஊன்றி நோக்குவோர்க்கு, ஒவ்வொரு பரம்பரையும் தன் பகுப்பெண்களுக்குள்ளும் பட்டியல் விதிகளுக்குள்ளும் ஒரு வாசகரை மனத்திற் கொண்டிருப்பதும், அவர் யார் என்பதிலேதான் அவை தம்முள் வேறுபடுகின்றன என்பதும் விளங்கும்.

லண்டன் பரம்பரையின் மூலபுருஷர் ஆங்கிலேயரல்லர். தாய்நாட்டிலிருந்து தப்பி வந்தபின் அங்கே மரண தண்டனை விதிக்கப்பட்ட இத்தாலியரான அந்தோனியோ பனிட்சி. பிரிட்டிஷ் மியூசியத்தின் பட்டியலுக்கென அவர் தலைமையில் 1841-இல் வெளிவந்த 91 விதிகள், ஒரு நூலை ஆசிரியர் பெயரின்கீழ் எவ்வாறு பதிவது என்ற, பார்வைக்கு அற்பமான வினாவைச் சாஸ்திர நிலைக்கு உயர்த்தின. அவர் கருதிய வாசகர் ஆராய்ச்சியாளர். ஆனால் பணமில்லாத மாணவனுக்கும் நாட்டின் பெருஞ்செல்வர்க்குரிய அதே நூல் வசதி வேண்டும் என்று பாராளுமன்றக் குழுவின் முன் வாதாடியவரும் அவரே. 1850-இல் இங்கிலாந்தில் பொது நூலகச் சட்டம் பிறந்தபோது, வரிப்பணத்தைக் கட்டடத்திற்கும் ஊழியர்க்கும் செலவிடலாம், புத்தகம் வாங்கலாகாது என்று விதித்தார்கள். நன்கொடையாகப் புத்தகங்கள் தாமே வந்து சேருமென்று நம்பினர் போலும்! ஐந்து ஆண்டுகளில் அந்த விசித்திரம் திருத்தப்பட்டது. வாசகர் அலமாரியருகே தாமே சென்று நூலெடுக்கும் உரிமையோ, 1894-இல் ஜேம்ஸ் டஃப் பிரவுன் கிளார்க்கன்வெல் நூலகத்தில் துணிந்து திறந்துவிடும் வரையில் அந்நாட்டுப் பொது நூலகங்களில் ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம்.

அமெரிக்காவிற்கு 1876 ஓர் அபூர்வ வருஷம். நூலகர் சங்கம் தோன்றியதும், கட்டரின் பட்டியல் விதிகள் அச்சேறியதும், நூலகர் வாசகரோடு முகங்கொடுத்துப் பேசி உதவ வேண்டுமென்று சாமுவேல் கிரீன் எடுத்துரைத்ததும், அம்ஹர்ஸ்ட் கல்லூரி நூலகத்தில் பணியாற்றிய மெல்வில் டூயி என்ற இளைஞர் 44 பக்கங்களில் தசாம்சப் பகுப்பை வெளியிட்டதும் அவ்வாண்டிலேயே. அறிவனைத்தையும் பத்தாக வகுத்து, பத்தை நூறாக்கி, நூறை ஆயிரமாக்கிய அம்முறையின் எளிமை, எந்த ஊர் நூலகமும் மறுநாளே எடுத்தாளத் தக்கது. 1887-இல் கொலம்பியாக் கல்லூரியில் அவர் தொடங்கிய முதல் நூலகப் பள்ளியில், நிர்வாகிகள் முகஞ்சுளித்தும், 20 மாணாக்கரில் 17 பேர் பெண்டிர். இத்தொழிலைப் பெண்களுக்குத் திறந்துவிட்ட அம்மனிதரே பெண்களிடம் முறைகேடாக நடந்தாரென்ற குற்றச்சாட்டுக்கும், யூதர்களைத் தம் விடுதியில் விலக்கினாரென்ற கண்டனத்துக்கும் உள்ளானார். 2019-இல் அமெரிக்க நூலகர் சங்கம் தன் பதக்கத்திலிருந்து அவர் பெயரை நீக்கியது.

முறையிலும் அவருடைய உலகம் தெரியத்தான் செய்கிறது. சமயத்துக்குரிய 200-இல் கிறிஸ்தவம் பெரும்பகுதியை நிரப்ப, ஏனைய சமயங்கள் யாவும் 290-இல் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தன. ஆங்கில இலக்கியம் 820 என்று மூன்றே இலக்கத்தில் முடிய, சங்கத் தொகைகளைத் தேடுவோர் பிற இலக்கியங்கள் என்ற 890-க்குள் நுழைந்து 894.811 வரை நடக்க வேண்டும். பகைமையால் நேர்ந்ததன்று இது. தம்மெதிரே நின்ற வாசகரை மட்டுமே நோக்கிய ஒருவர் இட்ட எண்.

பிரஸ்ஸல்ஸ் நகரில் போல் ஒட்லேயும் ஆன்றி லாஃபோந்தேனும் 1895-இல் தொடங்கிய முயற்சியோ புத்தகத்தையே ஓர் அலகாகக் கருதாமல், உலகத்துச் செய்திகளையெல்லாம் சீட்டுக்களில் எழுதி ஒரு கோடிக்கு மேல் சேர்த்தது. இன்றைய கணினித் தேடலின் பாட்டனார் அவர்கள் எனின் மிகையாகாது. சிகாகோ பல்கலைக்கழகத்தார் நூலகத்தைச் சமூக விஞ்ஞானமாக்க முனைந்தனர். இந்தியாவிலே பரோடா மன்னர் சயாஜிராவ் 1910-இல் போர்டன் என்ற அமெரிக்கரை வரவழைத்து, ஊர்தோறும் நூலகமும் பெட்டிகளிற் பயணஞ்செய்யும் புத்தகங்களும் கிடைக்கச் செய்தார்.

இனிச் சென்னைப் பரம்பரை. சீர்காழியிற் பிறந்து மாநிலக் கல்லூரியிற் கணிதம் கற்பித்துவந்த ரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் அமர்ந்த சில நாட்களிலேயே அவ்வேலையின் தனிமை தாளாமல், பழைய வேலையையே தந்துவிடும்படி கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். லண்டன் சென்று இத்தொழிலைப் பயின்று வாரும், அப்போதும் பிடிக்காவிடில் பார்க்கலாம் என்ற சமாதானத்தோடு கப்பலேறியவர், அங்கே பெர்விக் சேயர்ஸ் என்ற ஆசிரியரிடம் பகுப்பியல் கற்றதோடு, ஒரு கடையிலே மெக்கானோ என்னும் விளையாட்டுச் சாதனத்தையும் கண்டார். அதே பட்டைகளும் திருகாணிகளும் ஒருமுறை வண்டியாகவும் மறுமுறை பாலமாகவும் உருக்கொள்வது கணிதர் கண்ணுக்குப் பொறியாய்ப் பட்டது. ஒவ்வொரு விஷயத்திற்கும் முன்கூட்டியே ஓர் எண்ணை நிச்சயிப்பானேன்? விஷயத்தைப் பகுத்து, கூறுகளுக்கு மாத்திரம் குறியிட்டு, வேண்டும்போது முக்காற்புள்ளியால் இணைத்துக்கொள்ளலாகாதா? 1933-இல் வெளியான கோலன் பகுப்பு இவ்வினாக்களின் விளைவே. ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று பிற்காலத்தில் அவர் வகுத்த ஐந்தையும் கேட்கும்போது, நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று பயின்ற தமிழ் மாணாக்கர்க்கு ஒரு பழகிய வாசனை வீசும். ஒப்புமை அவ்வளவே, அதற்குமேல் நான் உரிமை கொண்டாடவில்லை. அவருடைய முறையில் இலக்கியத்திற்கு ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்து, தமிழுக்கு 31. ஆக ‘ஓ’வும் 31-உம் சேர்ந்தாற் போதும், தமிழிலக்கியம் வந்துவிடும், ஆங்கில இலக்கியத்திற்கோ ‘ஓ’வுடன் 111! 1952-இல் லண்டனில் கூடிய பகுப்பாராய்ச்சிக் குழுவினர் இவருடைய கூறுமுறையைப் போற்றி வளர்த்தனர். ஆனால் முழு முறையை எடுத்தாண்டவர் சிலரே. இந்தியாவிலேயே பல நூலகங்கள் டூயியோடு நின்றுவிட்டன. குறியீடு சிக்கலாயிற்று என்ற புகார் நியாயமானதே என்பது என் அபிப்பிராயம்.

ஆயினும் அவருடைய மெய்யான சாதனையைக் குறியீட்டிலன்று, 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளிலேயே தேட வேண்டும். நூல் பயனுக்குரியது, பூட்டி வைப்பதற்கன்று எனத் தொடங்கி, ஒவ்வொரு வாசகர்க்கும் அவர்க்கேற்ற நூலும் ஒவ்வொரு நூலுக்கும் அதற்கேற்ற வாசகரும் வாய்க்க வேண்டும், வாசகரின் நேரம் வீணாகலாகாது, நூலகம் உயிருள்ள வளர்பொருள் என்று விரியும் அவை, திறந்த அலமாரியிலிருந்து அதிகாலைத் திறப்பு நேரம் வரையில் எல்லாவற்றையும் கேள்விக்குட்படுத்தின. அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடியையடுத்த மேலவாசலில், பொறியாளர் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியிலே புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். அமெரிக்காவில் ஹேகர்ஸ்டவுன் நகரத்து மேரி டிட்கம் அம்மையார் 1905-லேயே குதிரைவண்டியில் இதைச் செய்திருந்தார். கென்டக்கி மலைகளில் 1930-களில் பெண்கள் குதிரைமேல் பையைத் தொங்கவிட்டுச் சென்றனர். பாதை கெட்டதாயிருக்கும் இடத்திலெல்லாம் இத்தொழிலுக்கு ஒரே புத்தி தோன்றுவது வியப்பன்று. 1948-இல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வியமைச்சராயிருக்கையில் சென்னை மாகாணம் நூலகச் சட்டம் இயற்ற, வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்துத் தண்டலாயிற்று.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தை அமைப்பதற்கும் ரங்கநாதனின் ஆலோசனை நாடப்பட்டது. 1959-இல் திறக்கப்பட்ட அந்த மாளிகை, 1981-இல் சுமார் 97,000 நூல்களோடும் ஏடுகளோடும் எரிக்கப்பட்டது. 2003-இல் மீண்டும் திறந்தபோது கட்டடம் பழைய வடிவிலே நின்றது, ஏடுகள் இல்லை.

அண்மையில் ஒரு மாலை, எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஓர் இளம்பெண்ணைக் கண்டேன். தேர்வாணையப் பரீட்சைக்குரிய வழிகாட்டி நூலை அவள் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். நூலகத்திலிருந்து அவள் எடுத்துக்கொண்டது ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, மூன்று மணி நேர நிசப்தம். பனிட்சியின் விதியோ டூயியின் எண்ணோ சென்னையின் ஐந்து விதிகளோ அவளை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. அன்றைய கணக்கில் இரவல் பத்தியிலும் குறிப்புதவிப் பத்தியிலும் அவளுக்கு இடமில்லாதிருக்க, நூலகர் வருகைப் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்துப் பேனாவை நீட்டினார். பிறகு எழுந்து போய், மூடும் நேரம் வந்தும், அவள் தலைக்குமேல் எரிந்த விளக்கை விட்டுவிட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக அணைத்தார்.