சுவரைத் தறியாகக் கண்டவர்: பெத்ரி ரஹ்மியின் மொசைக் கலை

இஸ்லாமியக் கலை குறித்து எழுதும் நம்மவர்கள் துருக்கியின் வரலாற்றை உஸ்மானியரோடு முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. மிமார் ஸினானின் குவிமாடங்கள், இஸ்னிக் ஓடுகள், எழுத்தணிக் கலைஞர்களின் நீண்ட வரிசை ஆகியவற்றைப் போற்றி எழுதுவோம். 1923-இல் குடியரசு பிறந்ததும் பேனாவை மூடிவிடுவோம். அதற்குப் பின்வந்த கலைஞர்களை மேற்கின் மாணவர்கள் என்ற ஒரே சொல்லால் ஒதுக்குவது எளிது. பெத்ரி ரஹ்மி எயுபோலுவை அப்படி ஒதுக்க முடியாது என்பதே நமது எண்ணம். ஓவியர், கவிஞர், சுவரோவியர், மொசைக் கலைஞர், ஏறத்தாழ நாற்பதாண்டுகள் ஆசிரியர் எனப் பல முகங்கள் கொண்ட அவரை நம் கலை மரபின் வாரிசாகக் கொள்வதா, அதிலிருந்து அறுந்துபோனவராகக் கொள்வதா என்ற கேள்விக்கு விடை எளிதாகக் கிடைப்பதில்லை.

கருங்கடல் கரையிலுள்ள கோரேலேயில் 1911-இல் பிறந்தவர் அவர். 'அய்யூபின் மகன்' என்று பொருள்படும் குடும்பப் பெயர். தந்தை மாவட்ட நிர்வாக அதிகாரி. கட்டுரையாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் புகழ்பெற்ற ஸபாஹத்தின் எயுபோலு அவருடைய அண்ணன். அரபு எழுத்துகள் விலக்கப்பட்டு இலத்தீன் எழுத்துகள் அரசாணையாக வந்த 1928-இல் பெத்ரி ரஹ்மிக்கு வயது பதினேழு. பள்ளியில் ஓர் எழுத்தைக் கற்று, இளைஞனாக மற்றோர் எழுத்துக்கு மாற வேண்டியிருந்த தலைமுறை அது. எழுத்தணியையே கலைகளின் தலையாகக் கருதிய ஒரு சமூகத்தில் எழுத்தே மாறிவிட்டால், ஓவியம் பயிலும் மாணவனின் கை எதைப் பற்றிக்கொள்ளும்? அவருடைய வாழ்நாள் தேடலை இந்த இழப்பிலிருந்து பிரித்துப் பார்க்க நம்மால் இயலவில்லை.

திரப்ஸோன் உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்த ஸெக்கி கோஜமெமியின் தூண்டுதலால் 1929-இல் இஸ்தான்புல் நுண்கலைக் கழகத்தில் சேர்ந்தார். பின்னர் பிரான்சு சென்று, பாரிசில் ஆந்திரே லோத்தின் பட்டறையில் பயின்றார். ருமேனியாவில் பிறந்த ஓவியரான எரெனை அங்கேதான் சந்தித்தார். 1936-இல் இருவரும் மணம் புரிந்தனர். 1937-இல் கழகத்துக்கு ஆசிரியராகத் திரும்பி, ஓவியத் துறையைப் புதுப்பிக்க அழைக்கப்பட்டிருந்த லெயோபோல் லெவியின் உதவியாளரானார். ஆளுங்கட்சி ஓவியர்களை உள்நாட்டுப் பகுதிகளுக்கு அனுப்பிய திட்டத்தின்கீழ் 1938-இல் எதிர்னேவுக்கும் 1942-இல் சோரூமுக்கும் சென்றார். அரசு எதிர்பார்த்தது நாட்டுக் காட்சிகளை. அவர் கண்டெடுத்ததோ கிராமத்துப் பெண்களின் கிலிம் விரிப்பு, காலுறையின் பின்னல், கைக்குட்டையின் அச்சு வேலைப்பாடு. 1950-இல் பாரிசின் மனித இன அருங்காட்சியகத்தில் உலகின் பல மக்களுடைய கைவினைகளைப் பார்த்தபோது, அழகும் பயனும் ஒன்றையொன்று விட்டுப் பிரிய வேண்டியதில்லை என்ற அவரது எண்ணம் உறுதிப்பட்டது. சட்டமிட்டுச் செல்வர் வீட்டில் மாட்டும் ஓவியத்தின்மீது அவருக்கு நம்பிக்கை குறைந்தது. மக்கள் நடமாடும் சுவரும், அவர்கள் உடுத்தும் துணியும் அவரது களங்களாயின.

மொசைக் என்றால் நம் வாசகர்கள் பலருக்கு வீட்டுத் தரைதான் நினைவுக்கு வரும். இங்கே நாம் பேசுவது சிறு கற்சில்லுகளையும் கண்ணாடிச் சில்லுகளையும் ஒவ்வொன்றாகப் பதித்து உருவாக்கும் சுவர்க்கலை. இதில் நிறங்களைக் குழைக்க இயலாது. ஒரு சில்லுக்கு ஒரே நிறம்தான். நீலத்தருகே பச்சையை வைத்தால் இரண்டையும் கலப்பது பார்ப்பவரின் கண். கிலிம் நெசவிலும் நிலைமை இதுவே. நிற எல்லை நெடுக்குவாட்டில் நீண்டுசென்றால் இரு நிறங்களுக்கிடையே பிளவு விழுந்துவிடும். அதைத் தவிர்க்கவே நெசவாளி எல்லையைப் படிப்படியாக நகர்த்துகிறாள். கிலிமின் படிக்கட்டு வடிவங்கள் இந்தக் கட்டாயத்திலிருந்து பிறந்தவை. பெத்ரி ரஹ்மியின் நல்ல மொசைக்குகளில் உருவங்களின் ஓரம் இவ்வாறே உடைந்தும் கோணலாகவும் செல்கிறது. தறியின் இலக்கணத்தை அவர் கல்லுக்குக் கொண்டுவந்தார். இதை வெறும் நாட்டுப்புற அலங்காரமெனச் சொல்வோர் கைவேலையின் உள்ளமைப்பைக் கவனிக்கத் தவறியவர்கள்.

அவரது புகழின் உச்சம் 1958-இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த உலகக் கண்காட்சி. உதாரித் இஸ்கி உள்ளிட்ட கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த துருக்கி அரங்குக்காக அவர் செய்த மொசைக் சுவர் 227 சதுர மீட்டர் பரப்புடையது. பரிசும் பாராட்டும் குவிந்தன. கண்காட்சி முடிந்ததும் அரங்கு பிரிக்கப்பட்டது, சுவரும் பிரிக்கப்பட்டது. ஒரு நாட்டின் முகமாக உலகின்முன் நிறுத்தப்பட்ட படைப்பு அதன்பின் கேட்பாரற்றுச் சிதறியது. அது பிரஸ்ஸல்ஸிலிருந்து சைப்ரஸ்வரை சென்று மறைந்த தடத்தைத் தேடி ஜோஹன் பிள்ளை 2010-இல் ஒரு நூலே எழுத வேண்டியிருந்தது. நேட்டோவின் பாரிஸ் தலைமையகத்துக்கென அவர் செய்த 50 சதுர மீட்டர் மொசைக்குக்கு நல்லூழ் இருந்தது. தலைமையகம் பிரஸ்ஸல்ஸுக்குப் பெயர்ந்தபோது அதுவும் உடன் பெயர்ந்தது. போர்க்கூட்டணியின் சுவர் காத்த அளவுக்குப் பண்பாட்டு அரங்கின் சுவர் காக்கவில்லை என்பதை எப்படிச் சொல்வது!

இனி நமது வினாவுக்கு வருவோம். மொசைக் இஸ்லாத்துக்கு அந்நியமான கலையன்று. ஹிஜ்ரி 72-இல் அப்துல் மலிக் எழுப்பிய குப்பத்துஸ் ஸக்ராவின் உட்சுவர்களிலும், அவர் மகன் வலீத் கட்டிய திமிஷ்கின் பெரிய பள்ளிவாசலிலும் மரங்களும் கொடிகளும் பொன்னிறச் சில்லுகளில் விரிகின்றன. திமிஷ்கில் ஆறும் மாளிகைகளும் உண்டு, மனித உருவம் மட்டும் இல்லை. அவ்வெறுமையே பார்ப்பவரை அந்தச் சோலைக்குள் அழைக்கிறது. பெத்ரி ரஹ்மியின் தலைமுறை மொசைக்கை இந்த வழியாகச் சந்திக்கவில்லை. 1931 முதல் ஆயா ஸோஃபியாவில் வெளிக்கொணரப்பட்ட பைஸாந்தியச் சித்திரங்கள் அவர்களது இளமையில் நிகழ்ந்த பெரும் காட்சி. ஆகவே அவரது சுவர்களில் பெரிய கண்களுடைய கிராமத்துப் பெண்களும் தாயும் சேயும் வருவதில் வியப்பில்லை.

உருவம் வரைந்தார் என்பதற்காக மட்டும் அவரைக் குறைகூற நாம் முன்வரவில்லை. நமது குறை வேறு. அவர் கிராமத்தைக் கண்டார், கிராமத்தின் தொழுகையைக் காணவில்லை. கிலிமை நெய்த அந்தப் பெண் அதே தறியில் தொழுகை விரிப்பையும் நெய்தாள். அதில் மிஹ்ராபின் வடிவத்தை வைத்தாள். அவருக்கு அது பெரும்பாலும் ஓர் அழகிய வடிவம் என்ற அளவிலேயே நின்றுவிட்டது. 1941-இல் வந்த அவரது முதல் கவிதை நூலுக்கு 'படைத்தவனுக்குக் கடிதங்கள்' என்று பெயர் என்பதை நாம் அறிவோம். எனினும் அது பக்தி நூலன்று. பிற்காலத்தில் அவரது உருவங்கள் சில வாய்பாடாகவும் இறுகின. எங்கும் அதே பெண், அதே கண், அதே மீன். சுற்றுலாப் பயணிக்குப் பிடித்தமான அனத்தோலியா.

ஆயினும் கண்ணை உருவங்களிலிருந்து சற்று விலக்கிப் பரப்பைப் பார்த்தால், நிழலில்லை, ஆழமில்லை, ஒற்றைப் பார்வைப் புள்ளியில்லை. வடிவம் வடிவத்தை அழைத்துக்கொண்டு சுவரின் எல்லைவரை செல்கிறது. இது பாரிசின் பாடம் மட்டுமன்று. இஸ்னிக் ஓடு பதித்தவனும் இப்படித்தான் சுவரை நினைத்தான். அறிந்தோ அறியாமலோ, பள்ளிவாசலின் தலைவாசலை விட்டுவிட்டுப் பெண்களின் தறிமேடை வழியாக அவர் அதே வீட்டுக்குள் நுழைந்திருக்கிறார்.

ஆசிரியராக அவரது பெருமை இதைவிட ஐயமற்றது. 1940-களின் பிற்பாதியில் அவரது மாணவர்கள் 'பத்துப்பேர்' என்ற பொருளில் ஒரு குழுவை அமைத்தனர். கிலிமையும் அச்சுத்துணியையும் பாடநூலாக வைத்த ஆசிரியரிடம் பயின்ற ஓர்ஹான் பெக்கர், துரான் எரோல், நெதிம் குன்ஸூர் ஆகியோர் பின்னாளில் ஒருவரையொருவர் ஒத்திருக்கவில்லை, ஆசிரியரையும் ஒத்திருக்கவில்லை. தம்மைப் பிரதி எடுக்காத மாணவர்களைப் பெற்றவர் என்பதே ஓர் ஆசிரியருக்குப் போதிய சான்று.

இஸ்தான்புல்லின் உன்கபானியில், ஸுலைமானிய்யா பள்ளிவாசலுக்குக் கீழே, 1960-களில் துணி வணிகர்களுக்கென ஒரு பெருஞ்சந்தை எழுந்தது. பள்ளிவாசலின் தோற்றத்தை மறைக்காதபடி தாழ்ந்த கட்டடங்களாகவும் முற்றங்களாகவும் அது அமைக்கப்பட்டது. அதன் சுவர்களில் பெத்ரி ரஹ்மியின் மொசைக் இருக்கிறது, அவருடைய மாணவர் நெதிம் குன்ஸூருடையதும் இருக்கிறது. கணவரின் புகழ்நிழலில் பெயர் மங்கிப்போன எரெனின் மொசைக்கும் அங்கே உண்டு. அவரைத் தனியாக ஆராய்ந்து எழுத வேண்டிய கடன் இன்னும் நிலுவையில் இருக்கிறது. பெத்ரி ரஹ்மி 1975-இல் மறைந்தார். ஸினானின் குவிமாடத்துக்கும் துணிச் சுமைகளோடு நடப்பவர்களுக்கும் இடையில் அமைந்த அந்தச் சுவர், பரிசு பெற்ற பிரஸ்ஸல்ஸ் சுவரைக் காட்டிலும் அவர் விரும்பியதற்கு நெருக்கமான இடத்தில் நிற்கிறது.