களிமண் புல்தரைக்கு மிதி ஏரேட்டர்: காரைக்காலில் வைத்துப் பார்த்ததில்

இடுப்பளவு உயரத்துக்கு ஒரு இரும்புத் தண்டு, மேலே குறுக்குக் கைப்பிடி, கீழே கால் வைத்து அழுத்த ஒரு சட்டம், சட்டத்துக்கு அடியில் உள்ளே பொள்ளலான இரண்டு குழாய்ப் பற்கள். கையால் இயக்கும் லான் ஏரேட்டர் என்று இணையக் கடைகளில் விற்பது இவ்வளவுதான். மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது. மிதித்தால் பல் மூன்று, நான்கு அங்குலம் இறங்குகிறது. அடுத்த இடத்தில் மிதிக்கும்போது முதலில் அறுத்த மண் விரல் தடிமனில் உருளையாக மேலே வந்து விழுகிறது. நான் வாங்கியபோது விலை 2,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

காரைக்காலில் இதற்கு வேலை இருக்கிறது. கடற்கரையை ஒட்டிய தெருக்களில் மணல். திருநள்ளாறு, நெடுங்காடு பக்கம் போனால் காவிரியின் கிளையாறுகள் கொண்டுவந்து கொட்டிய கனத்த களி, ஈரத்தில் உப்பும், வெயிலில் வெடிக்கும். இரண்டுக்கும் நடுவே புதிதாக எழும்பும் நகர்களில் மனையை மேடாக்க லோடு லோடாகச் சவுடு அடிக்கிறார்கள். லாரியும் பொக்லைனும் ஏறி இறங்கி இறுக்கிய அந்த மேட்டின்மேல் இரண்டு அங்குலம் செம்மண் பரப்பி, கார்பெட் புல்லை விரித்துவிட்டுப் போகிறார்கள். முதல் மழைக்காலம் வரை பச்சையாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் இறங்க வழியில்லாமல் நின்று, தை பிறக்கும்போது திட்டுத்திட்டாகப் பழுத்துவிடும். பலர் இதைப் பூச்சி என்றும் சத்துக்குறைவு என்றும் நினைத்து யூரியா போடுகிறார்கள். பட்டினி கிடப்பது வேருக்குக் காற்று இல்லாமல்.

இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்தது, விளம்பரத்தில் எங்கும் சொல்லப்படாத ஒரு பயன். வெளியே வரும் மண் உருளையை உடைக்காமல் கையில் எடுத்துப் பாருங்கள். எங்கள் புல்தரையில் வந்த உருளையில் மேல் ஓர் அங்குலம் கருஞ்சிவப்பு, அதில் நரைமுடி போல வேர்கள் பின்னிக் கிடந்தன. அதற்குக் கீழே சாம்பல் நிறக் களி, நடுநடுவே துருப்பிடித்த கோடுகள். வேர் அந்த எல்லையில் வந்து பக்கவாட்டில் திரும்பியிருந்தது. சாம்பல் நிறமும் துருக்கோடும் தண்ணீர் மாதக்கணக்கில் நின்று வடிந்த மண்ணின் அடையாளம். புல்லைக் கெடுக்காமல் அடிமண்ணைப் பார்க்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கவும் இதே பல் போதும்.

துளை போடும் வேலைக்கு வருவோம். எல்லாமே ஈரப்பதத்தில் இருக்கிறது. காய்ந்த களியில் பல் இறங்காது. உடம்பின் முழு எடையையும் போட்டு ஏறி நின்றால் தண்டு ஆடும், முழங்கால் வலிக்கும். தண்ணீர் பாய்ச்சிய அன்றே மிதித்தால் சேறு குழாயில் அடைத்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு மிதிக்கும் கம்பியால் குத்தி எடுக்க வேண்டியதுதான். நன்றாக நனைத்து, ஓரிரு நாள் ஆறவிட்டு, உருண்டை பிடித்தால் கையில் ஒட்டாத பதத்தில் இறங்கினால் பல் வழுக்கிக்கொண்டு போகிறது. சவுட்டில் செங்கல் துண்டு கிடந்தால் மட்டும் ஜாக்கிரதை. என் கருவியில் ஒரு பல்லின் நுனி அப்படித்தான் மடிந்தது.

உழைப்பு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கலாம். அரை அடி இடைவெளியில் துளையிட்டால் சதுர அடிக்கு 4 துளை. 100 சதுர அடிக்கு 400 துளை, அதாவது 200 மிதி. 500 சதுர அடி வரை வீட்டு ஆட்களே பிரித்துப் பிரித்துச் செய்யலாம். அதற்கு மேல் ஆள் வைத்துக்கொள்வது நல்லது. இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். அரை அங்குல விட்டமுள்ள பல் சதுர அடிக்கு 4 துளை போட்டால் மேற்பரப்பில் மாறுவது அரை சதவீதத்துக்குச் சற்றே மேல்தான். நெருக்கிப் போட்டாலும் ஒன்று, ஒன்றரை. ஒருமுறை குத்திவிட்டு மண் மாறிவிட்டது என்று எதிர்பார்க்கக் கூடாது. வருடத்துக்கு இரண்டு முறை, மாசி-பங்குனியில் மண் ஆறும்போதும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஆவணி-புரட்டாசியிலும், இடம் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே வர வேண்டும்.

போட்ட துளையைச் சும்மா விட்டால் பலனே இல்லை. பக்கத்து வீட்டுத் தோட்ட வேலைக்கு வரும் பெரியவர், வயலில் வளர்ந்தவர், வேலியோரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “நண்டு வளை போட்டாப்ல இருக்கு தம்பி. உள்ள ஏதாவது போடுங்க, இல்லன்னா ஒரு மழைக்கே தூந்து போயிரும்.” அவர் சொன்னது அப்படியே சரி. உப்பும் களியில் வெறும் துளை சீக்கிரம் மூடிக்கொள்கிறது. கழுவிய ஆற்றுமணல் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழுஉரம் அல்லது மக்கவைத்த தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு கலந்து, துடைப்பத்தால் தள்ளித் துளைகளை நிரப்ப வேண்டும். மணல் வழியைத் திறந்து வைக்கும், மக்கு மண்புழுவை வரவழைக்கும், மண்புழு களியைப் பொலபொலப்பாக்கும். மக்காத நார்க்கழிவு வேண்டாம், அது மக்குவதற்குப் புல்லின் தழைச்சத்தையே பிடுங்கும். கடல் மணலை அள்ளிவந்து போடுபவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள், காசு கொடுத்து உப்பைக் கழுவ முயலும் ஊரில் இலவசமாக உப்பைச் சேர்க்கிற வேலை அது.

உப்பு என்றதும் இரண்டாவது கருவிக்கு வருகிறேன். மண்ணிலும் நீரிலும் உள்ள உப்பின் அளவைக் காட்டும், பேனா வடிவ இசி மீட்டர். 1,000 ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது, கடலோரத்தில் ஏரேட்டருக்கு முன்பே இதை வாங்கச் சொல்வேன். உலர்ந்த மண் ஒரு பங்கு, மழைநீர் அல்லது பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் இரண்டு பங்கு, கலக்கி அரைமணி விட்டு மீட்டரை முக்கினால் எண் வரும். 1 டெசிசீமன்ஸுக்குக் கீழே என்றால் கவலையில்லை, 3-ஐத் தாண்டினால் பயிருக்குக் கேடு. திரையில் மைக்ரோசீமன்ஸ் என்று வந்தால் 1,000-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். பிபிஎம் அளவை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி பெருக்கும் எண் மாறுகிறது. போர்வெல் தண்ணீரையும் இதே மீட்டரில் பாருங்கள். மண்ணில் எத்தனை துளை போட்டாலும் தினமும் ஊற்றுவது உப்புத் தண்ணீர் என்றால் பாடு வீண். அந்த நிலையில் புல்லை மாற்றுவதே வழி. நம்ம அருகம்புல் இனம் உப்பை நன்றாகவே தாங்கும். கடலோரப் பாஸ்பாலம் அதைவிட ஒரு படி மேல்.

மீட்டர் காட்டாத ஒன்றும் உண்டு. சோடியம் ஏறிய களர்மண்ணில் களித்துகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, நீரில் பாலாகக் கரைந்து, துளைகளையெல்லாம் அடைக்கும். இதற்குச் செலவில்லாத சோதனை இருக்கிறது. பட்டாணி அளவு காய்ந்த மண்கட்டியை மழைநீர் உள்ள கண்ணாடி டம்ளரில் மெதுவாகப் போட்டு, அசைக்காமல் இரவு முழுக்க வையுங்கள். காலையில் கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கியிருந்தால் களர். அதற்கு ஜிப்சம் வேண்டும், அதன் கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கட்டி உதிர்ந்து தண்ணீர் தெளிவாக இருந்தால் ஜிப்சம் வாங்கும் காசைத் தொழுஉரத்தில் போடலாம். மீட்டரில் உப்பு அதிகம் காட்டிய மண்ணில் மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றும். உப்பே களியைச் சேர்த்துப் பிடித்திருக்கும், மழை உப்பைக் கழுவிய பிறகுதான் சோடியத்தின் கைவரிசை தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கரையோர நிலங்களில் கடல் ஏறியபோது, கடல்நீர் வடிந்ததோடு வேலை முடியாமல், ஜிப்சமும் பசுந்தாள் உரமும் மழைநீரைத் தேக்கி வடிப்பதும் தேவைப்பட்டது இதனால்தான். ஜிப்சம் எவ்வளவு என்பதைக் கண்ணால் முடிவுசெய்ய முடியாது. மாதூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ, செருமாவிலங்கையில் 1987 முதல் இயங்கும் பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரியிலோ கேட்டு, மண்ணைப் பரிசோதித்துப் போடுவதுதான் சரி.

ஆணி பதித்த செருப்பையும் போட்டுப் பார்த்தேன். வாங்காதீர்கள். ஆணி மண்ணை வெளியே எடுப்பதில்லை, பக்கவாட்டில் தள்ளி இன்னும் இறுக்குகிறது. களியில் சிக்கிக் கணுக்கால் பிசகும் அபாயம் வேறு. மணல்தரைக்கு வேண்டுமானால் முள்கரண்டி மண்வெட்டியே போதும், அங்கே ஏரேட்டருக்கே அவசியமில்லை, மணலுக்கு வேண்டியது மக்கு மட்டும்.

ஆக, களியும் சவுடும் உள்ள மனையில், 500 சதுர அடிக்குள் புல்தரை வைத்திருப்பவர்கள் மிதி ஏரேட்டரைத் தயங்காமல் வாங்கலாம். வாங்கும்போது பற்கள் கழற்றி மாற்றும்படி போல்ட் போட்டவையா, வெல்டிங் செய்தவையா என்று பாருங்கள். போல்ட் உள்ளதையே எடுங்கள், பல் மடிந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பெயின்ட் அடித்த சாதா இரும்பு இந்த உப்புக்காற்றில் ஒரு மழைக்காலத்திலேயே துருவேறிவிடும். வேலை முடிந்ததும் குழாய்க்குள் இருக்கும் மண்ணை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, பழைய என்ஜின் ஆயில் தொட்ட துணியை உள்ளும் புறமும் ஓட்டி, தரையில் படாமல் மாட்டி வையுங்கள்.