இரண்டு சபாபதிகள்

ஒரே பெயர், ஒரே வீடு. ஒருவன் நாற்காலியில் சாய்ந்திருக்கிறான். மற்றவன் எதிரே கைகட்டி நிற்கிறான். முன்னவன் சபாபதி முதலியார். பின்னவன் வெறும் சபாபதி! பெயரின் வாலில்தான் இருக்கிறது பேதம் அத்தனையும்.

1941ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த ‘சபாபதி’ திரைப்படத்தையே குறிப்பிடுகிறோம். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தை ஏ. வி. மெய்யப்பனும் ஏ. டி. கிருஷ்ணசாமியும் இயக்கிப் படமாக்கினர். பணக்கார வீட்டுப் பிள்ளையாக டி. ஆர். ராமச்சந்திரன், பணியாளாகக் காளி என். ரத்தினம்.

தமிழ்ப் பேசும்படம் பிறந்தது 1931இல். அடுத்த பத்தாண்டுகளில் பெரும்பாலும் திரையை ஆண்டவர்கள் தேவர்கள், முனிவர்கள், அரசர்கள். வரம் உண்டு, சாபம் உண்டு. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசும் மனிதன் அரிதினும் அரிது. அந்நாளில் ஒரு தேவனையும் துணைக்கழைக்காமல், வீட்டுக்கூடத்தையும் பள்ளிக்கூடத்தையும் காட்டி, காதலையும் பாட்டையும் கலந்து மக்களைச் சிரிக்க வைத்ததே, அதற்கு! அதற்காக இப்படத்தைப் பாராட்டுகிறோம். ஆனால், யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது என்று கேட்காமல் இருக்க இயலவில்லை.

திருச்சுழியில் ஆண்டுத் தேர்வு முடிந்த ஒரு பிற்பகலில் எம் வகுப்பு மாணவர்களுக்கு இப்படத்தைக் காட்டினோம். மானாவாரி மண்ணில் மழையை நம்பி வாழ்பவர் பிள்ளைகள். அருப்புக்கோட்டைத் தறியோசையில் வளர்ந்தவரும் உண்டு. எண்பதாண்டு கடந்த படமாயிற்றே, நெளிவார்களோ என அஞ்சினோம். வகுப்பே அதிர்ந்தது! எசமான் ஒன்று சொல்ல, சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொண்டு பணியாள் வேறொன்று செய்யும்போதெல்லாம் பெஞ்சுகள் குலுங்கின. சிறுவர் நடிகரைப் பழக்கிய நாடக ஆசிரியரல்லவா ரத்தினம்! முகத்தில் ஒரு சுளிப்பில்லை; குரலில் ஒரு குழைவு; போதும். சி. டி. ராஜகாந்தத்துடன் அவர் நடத்தும் காதலோ, நாயகன் நாயகியின் காதலை விடச் சுவையானது.

படம் முடிந்ததும் பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “சார், அந்த வேலைக்கார சபாபதி பள்ளிக்கூடமே போகலையா?” என்று கேட்டாள்.

சிரிப்பு நின்றது. எம் சிந்தனை தொடங்கியது.

ஆம்! ஒரு சபாபதிக்குப் பள்ளி உண்டு, புத்தகம் உண்டு. தேறாவிட்டால் மீண்டும் எழுத வசதியும் உண்டு. இன்னொரு சபாபதிக்கு இவற்றில் எதுவுமில்லை. முன்னவன் மந்தம், செல்லப்பிள்ளையின் குறும்பு. பின்னவன் மந்தமோ, பிறவிக்குணம் போலக் காட்டப்படுகிறது. கற்க வாய்ப்பளிக்காத சமுதாயம், கல்லாதவனைக் கண்டு நகைப்பது நீதியா? 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே தொங்கும் சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. பன்னிரண்டாண்டுக்குப் பின் வந்த இப்படத்தில் பட்டம் பத்திரமாக இருக்கிறது. அது இல்லாதவன் பாத்திரம் துலக்குகிறான்!

ஆசிரியராகிய எமக்கு மற்றொரு முள்ளும் தைத்தது. கே. சாரங்கபாணி நடித்த தமிழாசிரியரை மாணவர்கள் ஆட்டி வைக்கிறார்கள். நடிப்பு நயமானது, நாமும் சிரித்தோம். எனினும், ஆங்கிலம் வேலைக்கு, தமிழ் வேடிக்கைக்கு என்றிருந்த அன்றைய பள்ளியின் மதிப்பீடன்றோ அக்காட்சியில் பல்லிளிக்கிறது?

குறையே கூறி முடிப்பது முறையன்று. ‘லக்ஸ்’ சோப்பு விளம்பரத்தால் புகழ்பெற்ற பத்மா ஏற்ற மனைவிப் பாத்திரத்தை நோக்குங்கள். படித்த பெண் அடங்காப்பிடாரி என்று பழித்த காலம் அது. இவளோ கணவனுக்கே பாடம் சொல்லித் தேர்வில் தேறத் துணை நிற்கிறாள்! கல்வி குடும்பத்தைக் குலைக்கவில்லை, கரையேற்றுகிறது. மேடையேறி ஆயிரம் பேர் முழங்கியதை ஒரு காதல் காட்சி கனிவாகச் சொல்லிவிட்டது. அந்த மனைவி, அடுத்த அறையிலிருந்த பணியாளையும் அழைத்து அகரம் சொல்லியிருந்தால்? படம் அதுவரை செல்லவில்லை.

அவ்விடத்திலிருந்து தொடங்க வேண்டியவர்கள் நாம். தோழர்களே, இப்படத்தைப் பாருங்கள். வயிறு குலுங்கச் சிரியுங்கள். சிரித்து முடித்தபின் அம்மாணவி கேட்ட கேள்வியை நீங்களும் ஒருமுறை கேளுங்கள். இன்றும் வீடுகளிலும் கடைகளிலும் பெயர் மட்டும் சொல்லி அழைக்கப்படும் சபாபதிகள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் புத்தகம் ஏறும் நாளில், இரண்டு சபாபதிகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்து இப்படத்தைப் பார்ப்பார்கள். அன்று எழும் சிரிப்பில் எவருக்கும் வலியிராது.