எம்டன்: ஒரு சொல் காத்த நினைவு

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்தன, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. உயர் நீதிமன்ற மதிலில் இதற்கொரு நினைவுக்கல் உண்டு. திருத்தணியில் வாழ்வாருள் அக்கல்லைக் கண்டார் அரியர். ஆயினும், 'அவன் பெரிய எம்டன்' என்னும் வழக்கு ஈண்டும் முதியோர் நாவில் நிலவுகின்றது. சூழ்ச்சித்திறன் உடையான், கண்டிப்பு மிக்கான் என்பன அதன் பொருள்.

தொல்காப்பியம் கூறும் நடுகல் பட்ட வீரனுக்கு உரியது. இச்சொல்லோ தாக்கியவன் பெயரை இருத்திப் பட்டவரை மறந்தது. அச்சத்தோடு வியப்பும் இதனுள் உறைவதை யாம் மறுக்கவில்லை; அயலாட்சியின் வலிமை ஓரிரவு குலைந்ததில் எழுந்த உள்ளுவகை அதற்கு ஏதுவாகலாம்.

2006இல் 'எம்டன் மகன்' எனப் பெயரிடப்பெற்ற திரைப்படம், தமிழ்ப் பெயர்க்குரிய வரிவிலக்கின்பொருட்டு 'எம் மகன்' ஆயிற்று. தொண்ணூறாண்டு வழங்கிய சொல்லைத் தமிழன்று எனத் தள்ளுதல் எமக்கு உடன்பாடன்று. அகராதி தொகுப்போர் பொருளோடு நில்லாது, அவ்விரவையும் அதில் மாண்டோரையும் குறித்தல் வேண்டும். இச்சொல்லைத் தம் பெற்றோர் வாய்க்கேட்ட முதியோர் இன்னும் உளர். எம் மாணவர் முதற்கண் அவர்களை அணுகுக.