பல்லியமும் சந்தாவும்: சிலிம் ரிவரிலிருந்து ஒரு நோக்கு

தொழில்முறை இசைக்குழு ஒன்றை வணிக நிறுவனமாக நடத்துவது குறித்து எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளையே காட்டுகின்றனர். நுழைவுச்சீட்டு விற்று வாழ்தல் ஒன்று; புரவலரை அண்டி வாழ்தல் மற்றொன்று. மலேசியாவில் இவ்விரண்டுமே கோலாலம்பூரை மையமாக வைத்துப் பேசப்படுகின்றன. பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், தஞ்சோங் மாலிமுக்கு வடக்கே அமைந்த சிலிம் ரிவர் போன்ற பழைய ரப்பர்த் தோட்ட வட்டாரங்களில் மூன்றாவது வழியொன்றும் வழக்கில் இருந்தது. அதனை நம் ஆய்வாளர்கள் சமய வரலாற்றில் சேர்த்தனரேயன்றி, இசையின் பொருளியல் வரலாற்றில் சேர்த்தாரில்லை. இவ்விடுபாட்டையே ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

முதலில் தலைநகரை நோக்குவோம். மலேசிய ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு 1998 ஆகஸ்டு 17ஆம் நாள், இரட்டைக் கோபுரத்தின் அடியில் அமைந்த பெட்ரோனாஸ் ஃபில்ஹார்மோனிக் அரங்கில் தன் முதல் நிகழ்ச்சியை வழங்கியது. தேசிய எண்ணெய் நிறுவனமே அதன் புரவலர்; டச்சுக்காரரான கேஸ் பாகெல்ஸ் அதன் முதல் இசை இயக்குநர். தொடக்கக் காலத்தில் பல நாடுகளிலிருந்து வந்த ஏறத்தாழ நூறு கலைஞர் அதில் பணியாற்றினர். அரங்கின் இருக்கைகளோ ஏறத்தாழ 900. அஃதாவது கலைஞர் ஒருவருக்கு ஒன்பது இருக்கை. அரங்கு நிறைந்தாலும், அந்த ஒன்பது சீட்டுகளின் பணம் அக்கலைஞரின் ஊதியம், ஒத்திகை நாள்கள், சிறப்பு விருந்தினராக வரும் தனி வாத்தியக் கலைஞரின் கட்டணம், அலுவலகச் செலவு ஆகிய அனைத்தையும் தாங்க வேண்டும். தாங்காது என்பதற்குக் கணக்காயர் தேவையில்லை. ஆகவே, விளம்பரத்தை மேம்படுத்தினால் இசைக்குழு தன் காலில் நிற்கும் என்பார் கூற்று, இருக்கைகளை எண்ணிப் பாராதார் கூற்றேயாகும்.

இதன் காரணத்தை வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் இருவர் 1966இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். பிற தொழில்களில் ஓராள் ஒரு நாளில் செய்யும் வேலையின் பயன் ஆண்டுதோறும் பெருகுகிறது. ஊதியமும் அதனையொட்டி உயர்கிறது. இசையில் அவ்வாறன்று. நால்வர் வாசிக்க வேண்டியதை இன்றும் நால்வரே, அதே நேரம் எடுத்து வாசிக்க வேண்டும். தோட்டப்புறத்தார்க்கு இதனை விளக்குதல் எளிது. ஆர்ஆர்ஐஎம் 600 போன்ற ஒட்டுரக மரங்கள் வந்தபின், பால்மரம் வெட்டுவோர் அதே கத்தியால் மிகுதியான பாலைச் சேர்த்தனர். தவில்காரருக்கோ வயலின்காரருக்கோ அத்தகைய ஒட்டுரகம் எதுவும் கிட்டவில்லை. ஆயினும் அரிசியின் விலை இருவர்க்கும் ஒன்றே.

இவ்விடைவெளியை யார் நிரப்புவது? தோட்டங்களில் அதற்கு விடையிருந்தது. பல தோட்டங்களில் தொழிலாளர் கோயிலுக்கென மாதந்தோறும் ஒரு சிறு தொகை செலுத்தினர். சில இடங்களில் கிராணியார் அதனைச் சம்பளத்திலேயே பிடித்துக் கோயில் கணக்கில் வரவு வைத்தார். ஆண்டுத் திருவிழாவின்போது நாதசுவரம், தவில், கூத்து, பிற்காலத்தில் மெல்லிசைக் குழு என அனைத்துக்கும் அப்பணமே பயன்பட்டது. நுழைவுச்சீட்டு இல்லை என்பதால் நாம் இதனை இலவச நிகழ்ச்சி என்கிறோம். அது பிழை. அவையோர் அனைவரும் பன்னிரண்டு மாதங்களாகக் கட்டணம் செலுத்தியவர்களே.

அமெரிக்க இசை, நாடக அரங்குகளுக்கு ஆலோசகராக விளங்கிய டேனி நியூமன் 1977இல் வெளியிட்ட நூலில், தனிச்சீட்டு வாங்குவோரை நம்பாமல், பருவம் முழுமைக்கும் முன்பணம் செலுத்தும் சந்தாதாரரைத் திரட்டுமாறு வலியுறுத்தினார். பெயர்பெற்ற நிகழ்ச்சிக்கு மட்டுமே தனிச்சீட்டுக்காரர் வருவர். சந்தாதாரரோ அறியாத இசையையும் இருந்து கேட்பர் என்பது அவர் கருத்து. அவர் பரிந்துரைத்த முறையின் சாரம் நம் தோட்டக் கோயில்களில் அதற்கு முன்பே நடைமுறையில் இருந்தது. ஒரு வேறுபாடு உண்டு. சம்பளத்தில் பிடிக்கப்படும் தொகையை விருப்பச் சந்தா என்று கூறிவிட முடியாது. கொடுக்க மறுப்பது தோட்டத்தில் எளிதாக இருந்திருக்காது. இதனை மறைத்துப் பழைய முறையைப் போற்றுதல் ஆய்வறமாகாது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், மக்கள் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தபோது அச்சந்தாவும் சிதைந்தது. கோயில் இருக்கும், வரி கட்டியவர் நாற்பது இடங்களில் இருப்பர். இன்று இத்தகைய சிற்றூர்களில் மெல்லிசைக் குழுவுக்குப் பணம் தருபவர் பெரும்பாலும் ஒரு நன்கொடையாளர், ஒரு வணிகர், அல்லது ஓர் அரசியல்வாதி. நிகழ்ச்சியின் தன்மையும் அதற்கேற்ப மாறுகிறது. மாலை அணிவிப்பும் உரையும் நீள்கின்றன. வாசிப்போர் எண்ணிக்கை குறைகிறது. பத்துப் பேர் செய்த வேலையை ஒரு கீபோர்டும் மைனஸ் ஒன் ஒலிப்பதிவும் செய்கின்றன. இக்குறைப்பைத் தொழில்நுட்பத்தின் மேல் சுமத்துவது வழக்கம். நம் கருத்தில் அது பணம் தருவோர் மாறியதன் விளைவு. மேடையில் புல்லாங்குழல் இல்லை என்பது நன்கொடையாளர்க்கு ஒரு குறையன்று. முன்வரிசையில் தம் பெயர் இல்லையெனில் அது குறை.

நம் இலக்கியக் கல்வியும் இதற்கு ஓரளவு காரணமாகும். பல்லியம் சுமந்து செல்லும் கூத்தரை மலைபடுகடாத்தில் கற்பிக்கிறோம்; அவர்கள் நன்னனை நாடிச் செல்வதையும் கற்பிக்கிறோம். ஆற்றுப்படை நமக்கு அளித்த படிமம், வள்ளல் ஒருவனும் அவன் வாயிலில் நிற்கும் கலைஞரும் ஆகும். எண்ணெய் நிறுவனத்தையும் தொகுதித் தலைவரையும் நாம் அப்படிமத்துள் எளிதில் பொருத்திவிடுகிறோம். மாதம் ஒருமுறை சில்லறை கொடுத்த நூறு குடும்பங்களைப் பொருத்த அதில் இடமில்லை.

சந்தா முறை அனைத்தையும் தீர்க்கும் என்பது நம் வாதமன்று. வலுவான சந்தா மரபுடைய ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவே 2011இல் திவால் பாதுகாப்பு நாடியது. சந்தாதாரர் தமக்குப் பழகிய திரைப்பாடலையே மீண்டும் கேட்டுப் புதியதைத் தடுக்கவும் கூடும். ஆனால் 1904இல் தோன்றிய லண்டன் சிம்ஃபனி இசைக்குழு போன்று கலைஞரே உரிமையாளராகும் அமைப்பும், ஊர்ச் சந்தாவும் இணையுமாயின், குழு யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது தெளிவாகும். பெரிய மேளக் குழுவினர் வருவாயைப் பங்கிட்டுக் கொண்ட முறை நமக்கு அயலானதன்று.

சிலிம் ரிவரிலிருந்து பெட்ரோனாஸ் அரங்குக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். அப்பயணச் செலவும் இரவு திரும்பும் சிரமமும் சீட்டின் விலைமேல் ஏறும். தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமோ பக்கத்திலேயே உள்ளது. அங்கு இசைத்துறையும் உண்டு, தமிழாசிரியர் பயிற்சியும் உண்டு. இவ்விரு துறை மாணவரும் சேர்ந்து, பழைய தோட்டக் கோயில்களின் வரவு செலவுப் பேரேடுகளைத் தேடித் தொகுக்கலாம். மேளத்துக்கும் இசைக்குழுவுக்கும் கொடுத்த தொகை, கொடுத்தோர் எண்ணிக்கை, கொடுக்காதோர் பெயர்க்கு நேரே இடப்பட்ட குறி ஆகியவை அவற்றில்தான் இருக்கும். பேரேடுகள் செயலாளர் வீட்டு அலமாரிகளில் கரையானுக்கு இரையாகும் முன் இப்பணி தொடங்க வேண்டும்.