நீரில் கரையும் ஸ்பிரே கட்டு: சரியானதைத்தான் அளக்கிறோமா?

காயத்தின் மேல் திரவத்தைப் பூசி, அது காய்ந்து கட்டாக மாறுவது புதுசு இல்லை. நைட்ரோசெல்லுலோசை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் வருவது கொல்லோடியன். 1848-லேயே பாஸ்டனில் ஜான் பார்க்கர் மேனார்ட் அதைக் காயங்களுக்குப் பயன்படுத்தியதைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்றைய ஸ்பிரே கட்டுகள் பலவும் அதே வழிதான்: தண்ணீரில் கரையாத பாலிமர், சீக்கிரம் ஆவியாகும் கரைப்பான். சட்டென்று காயும், தண்ணி பட்டாலும் போகாது. ஆனா திறந்த புண்ணில் அடித்தால் பல கரைப்பான்கள் எரியும்.

அதனால்தான் நீரில் கரையும் பாலிமர்கள் மேல் இவ்வளவு ஆர்வம். பாலிவினைல் ஆல்கஹால் (பிவிஏ), போவிடோன் (பிவிபி), எச்பிஎம்சி, ஆல்ஜினேட், கொஞ்சம் அமிலம் சேர்த்தால் கரையும் கைட்டோசான். எரியாது, வேண்டாம் என்றால் கழுவிவிடலாம். கேட்க நல்லாத்தான் இருக்கு.

நான் மென்பொருள் ஆள், வேதியியலாளன் இல்லை. ஆனா ஒரு சோதனை எதைச் சோதிக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று பார்ப்பதுதான் என் தினசரி வேலை. அந்தக் கண்ணோடு இந்தத் துறைக் கட்டுரைகளைப் படித்தால் சில விஷயங்கள் உறுத்துகின்றன.

ஊற்றியது வேறு, அடித்தது வேறு

இழுவலிமை, நெகிழ்வு, தடிமன் எல்லாம் பெரும்பாலும் தட்டில் ஊற்றி, நிதானமாகக் காயவைத்து, உரித்தெடுத்த படலத்தில் அளக்கப்படுகின்றன. ஸ்பிரே அப்படிப் படலம் ஆவதில்லை. துளித்துளியாக விழுந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவே காற்றுக்குமிழியும் ஓட்டையும் விட்டுக் காய்கிறது. தட்டுப் படலத்தின் எண்ணை ஸ்பிரே படலத்துக்கு எழுதுவது, டெவலப்பர் லேப்டாப்பில் ஓடியதை வைத்து புரொடக்‌ஷனுக்கு உத்தரவாதம் தருவது மாதிரி.

"பிவிஏ பயன்படுத்தினோம்" என்று மட்டும் எழுதுவதும் போதாது. 4-88, 40-88 என்று கிரேடுகள் உண்டு. முதல் எண், 4 சதவீதக் கரைசலின் பிசுபிசுப்பு. இரண்டாவது, எத்தனை சதவீதம் நீராற்பகுக்கப்பட்டது என்பது. 88 இருந்தால் தண்ணீரில் எளிதாகக் கரையும். 98-க்கு மேல் போனால் கரைக்கச் சுடுதண்ணி வேண்டும். பெயர் ஒன்று, நடத்தை வேறு.

ஒரு சின்னக் கணக்கு

காய்ந்தபின் 20 மைக்ரான் படலம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தோராயமாக, ஒரு சதுர மீட்டருக்கு 20 கிராம் பாலிமர். 5 சதவீதக் கரைசல் என்றால் 400 கிராம் அடிக்க வேண்டும். அதில் 380 கிராம் தண்ணீர் ஆவியாக வேண்டும்.

எவ்வளவு நேரம் ஆகும்? 1977-இல் லாம்கே குழுவினர் அளந்த எண்கள் இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுபவை: நல்ல தோலிலிருந்து நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 204 கிராம் நீராவி, ஆறிவரும் திறந்த புண்ணிலிருந்து சுமார் 5,138 கிராம். இரண்டாவது எண்ணை ஈரப்பரப்பு உலரும் வேகமாக எடுத்துக்கொண்டால், மணிக்கு 214 கிராம். 380-ஐ வகுத்தால் ஒன்றே முக்கால் மணிநேரத்துக்கு மேல்! விசிறி போட்டால் குறையும். சென்னை மாதிரி புழுக்கத்தில் கூடும்.

கரைசலை 20 சதவீதம் ஆக்கினால் ஆவியாக வேண்டியது 80 கிராம்தான், 22 நிமிடம். ஆனா அந்த அடர்த்தியில் பல கிரேடுகள் தேன் மாதிரி ஆகிவிடும், மூக்குவழியே துளியாக வராது. ஆல்கஹால் கலந்தால் சீக்கிரம் காயும். ஆனா எதுக்காகத் தண்ணீருக்கு வந்தோமோ, அந்த எரிச்சல் திரும்பி வந்துவிடும்.

இன்னொன்றும் இருக்கு. அந்த 5,138 கிராம் புண்ணே வெளியேற்றும் நீர். மேலே காயும் வேகத்திலேயே கீழேயிருந்து ஈரம் வந்துகொண்டிருந்தால், புண்ணுக்கு மேல் படலம் காயவே காயாது. சுற்றியுள்ள நல்ல தோலில் மட்டும் காயும்.

கிண்ணச் சோதனை

நீராவி ஊடுருவலுக்கு ஏஎஸ்டிஎம் ஈ96 வழக்கமான முறை. கிண்ணத்தில் தண்ணீர், வாயில் படலம், எடை எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். நிமிர்ந்த கிண்ணத்தில் படலத்தைத் தொடுவது ஆவி மட்டுமே. அதே முறையில் கிண்ணத்தைக் கவிழ்த்து அளக்கவும் வழி உண்டு. கரையும் படலத்தோடு கவிழ்த்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். ஆனா புண் என்பது கவிழ்த்த கிண்ணம்தானே! நிமிர்ந்த கிண்ணத்து எண்ணை வைத்து "புண்ணுக்கு ஏற்றது" என்று முடிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இதைச் சமாளிக்கக் குறுக்குப்பிணைப்பு செய்கிறார்கள். அப்போது படலம் கரையாது. சரி, அப்புறம் "கழுவினால் போய்விடும்" என்ற வரி முன்னுரையில் ஏன் இருக்கிறது? இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். இதில் ஆல்ஜினேட் வழி எனக்கு நேர்மையாகத் தெரிகிறது: முதலில் ஆல்ஜினேட், அதன் மேல் கால்சியம் கரைசல். உடனே கூழாக உறையும். உலர்ந்த படலம் என்று அது வேஷம் போடுவதில்லை.

நான் கேட்கும் சோதனை

ஸ்பிரேயாகவே அடியுங்கள். கண்ணாடித் தட்டில் வேண்டாம். உப்புநீர் கசியும் ஜெலட்டின் பரப்பில் அடியுங்கள். 50 சதவீத ஈரப்பதத்தோடு 85-லும் பாருங்கள். பிவிபி ஈரத்தை இழுத்துப் பசையாவது அங்கேதான் தெரியும். கிளிசரால் சேர்த்து நெகிழ்வாக்கியிருந்தால் இன்னும் நன்றாகவே தெரியும். முழங்கை மாதிரி நூறு தடவை மடக்குங்கள். ஓரம் எப்போது தூக்குகிறது, நடுப்பகுதி எப்போது கரைகிறது என்று நேரத்தைக் குறியுங்கள்.

என் முடிவு இதுதான்: கசியாத சிராய்ப்புக்கும், புண்ணைச் சுற்றியுள்ள தோலுக்கும் இந்தப் பாலிமர்கள் நல்ல வேட்பாளர்கள். கசியும் புண்ணில் அவை கூழாகத்தான் இருக்கும். 1962-இல் ஜார்ஜ் வின்டர் பன்றிகளில் காட்டியதுபோல ஈரமான புண்ணில் புதுத்தோல் வேகமாக வளரும் என்பதால், கூழ் ஒன்றும் கெட்டதில்லை. ஆனா அதைக் கூழ் என்றே சொல்லி, கூழாகவே சோதிக்க வேண்டும். உலர்ந்த தட்டில் எடுத்த மதிப்பெண்ணை நம்பி ஒருவர் தீப்புண்ணில் அடித்தால், ஈரத்தையும் கிருமியையும் தடுக்கும் வேலி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார். அங்கே இருப்பது கரைந்துகொண்டிருக்கும் பசை.