வழவழப்புத் தாளும் வசனமும்

கொடுங்கையூர் முத்தமிழ் நகரில் நான் வாடிக்கையாகப் போகும் பழைய பேப்பர் கடைக்கு, ஆண்களுக்கான ஆங்கில ஆடம்பரப் பத்திரிகைகள் அவ்வப்போது கட்டாக வந்து சேரும். கடைக்காரர் அவற்றைத் தினசரிகளோடு சேர்ப்பதில்லை. தனியாகப் போட்டு, கிலோவுக்குக் குறைந்த விலை வைப்பார். 'அத்தனையும் மண்ணு சார், வெயிட்டுதான் நிக்கும்' என்பார். இது உருவகமல்ல. ஆர்ட் பேப்பரின் வழவழப்பு, தாளின்மேல் பூசப்படும் வெண்களிமண்ணாலும் சுண்ணாம்புப் பொடியாலும் வருவது. தாளைத் திரும்பக் கூழாக்கும்போது அது கழிவாகப் போய்விடும். இந்தப் பத்திரிகைகளைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விமர்சனம் சாத்தியமில்லை என்று வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

இவை விமர்சனத்துக்குரிய விஷயமே அல்ல, வெறும் வியாபாரம், என்கிறார்கள் நண்பர்கள். இது சௌகரியமான வாதம், சரியான வாதமல்ல. 1933 செப்டம்பரில் சென்னையில் 'மணிக்கொடி' வெளிவந்தது. அதே பருவத்தில் அமெரிக்காவில் 'எஸ்கொயர்' வெளிவந்தது. இரண்டும் பொருளாதார மந்தத்தின் பிள்ளைகள். மணிக்கொடிக்குப் பின்னால் இருந்தவர்கள் கு. சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் – தேசமும் பாஷையும் என்று யோசித்தவர்கள். எஸ்கொயருக்குப் பின்னால் இருந்தது துணிக்கடை. அதன் சொந்தக்காரர்கள் 1931 முதலே ஆண்கள் உடுப்பு விற்கும் வியாபாரிகளுக்காக ஒரு தொழில் பத்திரிகை நடத்திவந்தவர்கள். அதுதான் பின்னாளில் 'ஜி.க்யூ.' ஆயிற்று. ஆனால் கோட்டும் ஷூவும் விற்க வந்த எஸ்கொயரின் முதல் இதழிலேயே ஹெமிங்வே எழுதினார். 1936இல் அவருடைய 'கிளிமஞ்சாரோவின் பனி' அதில்தான் அச்சானது. அதே வருஷம், தான் உடைந்து போனதைப் பற்றி ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதிய கட்டுரைகளும் அதில்தான் வந்தன. முப்பது வருஷம் கழித்து, ஜலதோஷம் பிடித்த பாடகன் சினாட்ராவைப் பற்றி கே தலீஸ் எழுதிய கட்டுரை வெளிவந்ததும் அங்கேதான்.

துணிக்கடைப் பணம் இலக்கியத்தைக் கெடுக்கவில்லை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. நான் கவனிப்பது வேறொன்றை. நன்றாக உடுத்திக்கொள்வது எப்படி என்று சொல்லித்தர வந்த பத்திரிகை, தோற்றுப்போன ஒரு மனிதன் தன் தோல்வியைத் தன் வாயால் சொல்ல இடம் கொடுத்தது. ஒரு பக்கத்தில் குறைவற்ற கோட்டு. அடுத்த பக்கத்தில் அதை அணிந்தவனின் விரிசல். இந்த இரண்டுக்கும் இடையில் இருந்த முறுக்கில்தான் அங்கே வசனம் உயிரோடிருந்தது.

நம் நாட்டிலும் இதன் நிழல் உண்டு. 1974இல் வினோத் மேத்தா ஆசிரியப் பொறுப்பேற்ற பம்பாய் 'டெபனேர்' நடுப்பக்கப் படத்துக்காக வாங்கப்பட்ட பத்திரிகை. வீட்டில் பெட்டிக்கடியில் வைக்கப்பட்ட அதே பத்திரிகையில் கவிதைப் பக்கமும் இருந்தது. இம்தியாஸ் தார்க்கர் அதைக் கவனித்துக்கொண்ட காலம் உண்டு. இந்திய ஆங்கிலக் கவிதைக்கு அது கௌரவமான இடமில்லை, ஆனால் இடம். பம்பாயிலிருந்தே வந்த 'ஜென்டில்மேன்' பத்திரிகையில் வேலை பார்த்த டேவிட் டேவிடார்தான் பிறகு பெங்குவின் இந்தியாவை உருவாக்கியவர்களில் ஒருவர்.

2008இல் ஜி.க்யூ.வுக்கு இந்தியப் பதிப்பு வந்துவிட்டது. இந்த வகைப் பத்திரிகைகளின் பழைய இதழ்கள் சிலவற்றை ஒரு மாதம் உட்கார்ந்து வாசித்தேன். வாசித்த முறையைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கும் வங்கியில் நகைக் கடன் பிரிவு உண்டு. அடகுக்கு வரும் நகையை மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பார். பிறகு கல்லின் எடை, அரக்கின் எடை, அழுக்கின் எடையைக் கழிப்பார். மிஞ்சுவதுதான் நிகர எடை, அதற்குத்தான் கடன். கல் எத்தனை ஜொலித்தாலும் கணக்கில் வராது.

அந்தக் கணக்கைப் போட்டேன். விளம்பரங்களைக் கழித்தேன். விளம்பரமென்று சொல்லிக்கொள்ளாத விளம்பரங்களையும் கழித்தேன். 'காலத்தை வென்ற', 'சமரசமற்ற', 'நேர்த்தியான' என்ற ரக அடைமொழிகளைக் கழித்தேன். மிஞ்சியது கொஞ்சம்தான், ஆனால் பூஜ்யமல்ல. கோட்டின் தோள்பட்டைக்குள் எதை வைத்துத் தைக்கிறார்கள், கைக்கடிகாரத்தின் சுருள்வில் எப்படிச் சக்தியைச் சேர்த்துச் செலவிடுகிறது என்று எழுதப்பட்ட பத்திகள் சில இருந்தன. ஒரு பொருள் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தவன் எழுதிய வாக்கியங்கள் அவை. அந்த வாக்கியங்களில் அடைமொழி இல்லை.

மற்றபடி அங்கே தோல்வியுற்றவன் இல்லை. பேட்டி காணப்படுகிற ஒவ்வொருவனும் வென்றவன்; கஷ்டம் என்பது அவன் கடந்து வந்த ஒன்று மட்டுமே. ஃபிட்ஸ்ஜெரால்ட் இன்று தன் கட்டுரையை அனுப்பினால், மீண்டு வந்த கதையாக மாற்றித் தரச் சொல்வார்கள். தரத்தின் வீழ்ச்சி என்று நான் சொல்வது தாளையோ படத்தையோ அல்ல, அவை மேம்பட்டிருக்கின்றன. வீழ்ந்தது, தனக்கு எதிரான குரலுக்கு இடமளிக்கும் தைரியம்.

இந்தப் பத்திரிகைகளுக்கு மிகவும் பிடித்தமான துணி ஒன்றின் பெயர் 'மெட்ராஸ்'. நம் கைலியின் கட்டம்தான். 1958இல் அமெரிக்க இறக்குமதியாளர் ஒருவர், பிற்பாடு லீலா ஹோட்டல்களை நிறுவிய கிருஷ்ணன் நாயரிடம் அதை வாங்கிப்போய் ப்ரூக்ஸ் பிரதர்ஸுக்கு விற்றார். துவைத்ததும் சாயம் போயிற்று. வாங்கியவர்கள் கூச்சலிட்டார்கள். வழக்கு வரைக்கும் போக இருந்த விஷயத்தைக் காப்பாற்றியது ஒரு பத்திரிகைக் கட்டுரையும் விளம்பர வாசகமும்தான்: சாயம் போவதுதான் இதன் அழகு, ஒவ்வொரு சலவையிலும் புதுச் சட்டை, சாயம் போகுமென்று உத்தரவாதம். குறை குணமாயிற்று. நூல் மாறவில்லை, சாயம் மாறவில்லை, தறி மாறவில்லை. வாக்கியம் மாறியது, விலை மாறியது. பாஷையின் சக்தியை நம்புகிற நாம் இதைக் கண்டு சிரிக்க முடியாது, பயப்படத்தான் முடியும். சாயத்தில் கை வைத்தவனுக்கு என்ன கூலி என்று நான் வாசித்த எந்தப் பக்கமும் கேட்கவில்லை.

காக்கிக் கால்சட்டையைப் பற்றியும் இப்படிப் பக்கங்கள் உண்டு. அதன் ராணுவப் பூர்வீகம், ஆண்மை, எளிமை. எங்கள் பகுதிக்குப் பக்கத்திலேயே பெரம்பூரில் பின்னி மில் காக்கி நெய்து பேர் வாங்கியது. 1921இல் அங்கே நடந்த வேலைநிறுத்தம் ரத்தம் சிந்தியது. 1996இல் மில் மூடப்பட்டது. நெசவு நடந்த நிலத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. காக்கியின் சரித்திரம் எழுதுகிறவன் இதை எழுதாவிட்டால், அவன் துணியைப் பற்றித்தான் எழுதுகிறானா என்று சந்தேகப்பட நியாயமிருக்கிறது.

நம் பக்கமும் யோக்கியமில்லை. சிறுபத்திரிகைக்காரனுக்கு ஆடம்பரம் கிடையாது என்பது நாமே வளர்த்துக்கொண்ட பிரமை. கதர் ஜிப்பா, ஜோல்னா பை, முன்னூறு பிரதி, கடையில் கிடைக்காது என்ற பெருமை – இதுவும் ஒரு பாணிதான். அரிதாக இருப்பதால் மதிப்பு என்று கடிகாரக்காரன் சொன்னால் வியாபாரம், நாம் சொன்னால் இலக்கியமா? 'எழுத்து' பிரதிகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போன செல்லப்பா அரிதாக இருக்க ஆசைப்படவில்லை.

இன்னொன்று. நம் கதைகளில் வரும் ஆண்களுக்கு மனம் உண்டு, சட்டை கிடையாது. ஜானகிராமன் மாதிரிச் சிலரைத் தவிர்த்தால், நம் கதாநாயகன் என்ன உடுத்தியிருந்தான், அதற்கு என்ன கொடுத்தான் என்று நமக்குத் தெரியாது. பொருள்களைப் பற்றி எழுதுவது லௌகீகம் என்று ஒதுக்கினோம். ஆனால் புதுமைப்பித்தனின் கந்தசாமிப் பிள்ளை, கடவுளைச் சந்திப்பதற்கு முன், பிராட்வே முனையில் நின்று டிராம் செலவையும் வெற்றிலைச் செலவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் காலணாக் கணக்கு இல்லாவிட்டால் அந்தக் கடவுளை நாம் நம்பமாட்டோம்.

ஆகவே என் மதிப்பீடு இது. கைக்கடிகாரத்தைப் பற்றி அவன் எழுதுகிற துல்லியத்தோடு, எண்ணெய் படிந்த கைலியைப் பற்றி நம்மால் எழுத முடியுமானால், இந்தப் பத்திரிகைகளை வாசித்தது வீண் போகாது. முடியாதவரை அவற்றை இளக்காரமாகப் பேச நமக்கு உரிமையில்லை. போன வாரம் ஒரு கட்டு வாங்கினேன். கடைக்காரர் எடை போட்டு, வழக்கம்போல மண்ணுக்கென்று கொஞ்சம் தள்ளிக்கொண்டார்.